அலையில கைட்சர்ஃப்: ட்வின் டிப்பை ஓரம் வச்சுட்டு சர்ஃப்போர்டை கையில எடுக்குறவங்களுக்கு

ராமேஸ்வரத்துலயோ இலங்கை கற்பிட்டி களப்புலயோ (கடலை ஒட்டின உப்பங்கழி) கைட், அதாவது பெரிய பட்டம் இழுக்க போர்டுல நின்னு ஓடுறது, கத்துக்கிட்டு, முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கிற ட்வின் டிப் போர்டுல ரெண்டு பக்கமும் ஓட்ட வந்துருச்சு, இனி அலையில இறங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கான பதிவு இது. கைட்டையே இதுவரைக்கும் தொடாதவங்க முதல்ல ஒரு ஸ்கூல்ல சேர்ந்து தட்டைத் தண்ணியில கத்துக்கோங்க, அலையில ஆரம்பப் பாடம் எடுக்கிறது யாருக்கும் நல்லதில்ல.

ஒரு விஷயத்தை மட்டும் மண்டையில ஏத்திக்கங்க, மீதியெல்லாம் அதுக்குள்ள வந்துரும். ட்வின் டிப்புல கைட்தான் இஞ்சின். அலையில அலைதான் இஞ்சின், கைட் உங்களை அலை வரைக்கும் கொண்டுபோய் விடுற ஆட்டோ, இறக்கிவிட்டதும் அது ஓரமா நிக்கணும். புதுசா வர்றவங்க முக்காவாசிப் பேர் தடுமாறுறது இங்கதான், அலை மேல ஏறின பிறகும் கைட்டை இழுத்துக்கிட்டே இருப்பாங்க, அது அவங்களை அலையை விட்டு முன்னாடி இழுத்துட்டுப் போயிரும்.

இறங்குறதுக்கு முன்னாடி என்னென்ன தெரிஞ்சிருக்கணும்

போர்டு இல்லாம உடம்பாலயே காத்துக்கு எதிர்ப்பக்கம் நகர்றது, அதாவது அப்விண்ட் பாடி டிராக், இது கட்டாயம். ஏன்னா அலையில போர்டை லீஷ் போட்டு உடம்போட கட்டக் கூடாது, கட்டினா லீஷ் ரப்பர் மாதிரி இழுபட்டு போர்டு நேரா உங்க தலைக்கே திரும்பி வரும். போர்டு போயிருச்சுன்னா பாடி டிராக் பண்ணிப் போய்த்தான் எடுக்கணும். அப்புறம் அப்விண்ட் ஓட்டம், விழுந்த கைட்டை தண்ணியில இருந்து கிளப்புறது, கைட்டோட பவரை உடனே துண்டிக்கிற குவிக் ரிலீஸை கண்ணை மூடிக்கிட்டுக் கூட தள்ளத் தெரியிறது, லைனை பார்ல (கைட்டை ஓட்ட கையில பிடிக்கிற கம்பி) சுத்தி கைட்டைப் பிடிச்சு கரைக்கு வர்ற செல்ஃப் ரெஸ்க்யூ. இதுல ஒண்ணு சந்தேகமா இருந்தாலும் இன்னும் கொஞ்ச நாள் களப்புலயே இருங்க.

இடமும் காத்தும்

நம்ம பக்கத்துல இதுக்கு நல்ல இடம்னா இலங்கையோட வடமேற்குக் கரையில, புத்தளம் மாவட்டத்துல இருக்கிற கற்பிட்டி. ஒரு பக்கம் களப்பு, இன்னொரு பக்கம் திறந்த கடல். காலையில களப்புல சர்ஃப்போர்டை பழகிட்டு மத்தியானம் கடல் பக்கம் போய்ப் பாக்கலாம், இந்த வசதி எல்லா ஊர்லயும் கிடைக்காது. மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் தென்மேற்குக் காத்து, அந்தப் பக்கத்து ஆளுங்க சோளகம்னு சொல்றது, நல்லா வீசும், ஜூன் ஜூலையில 20 நாட்டுக்கு மேல போற நாள் நிறைய, அதாவது மணிக்கு 37 கிலோமீட்டருக்கு மேல.

கரை மேற்கு பாத்து இருக்கு, காத்து தென்மேற்குல இருந்து வருது, அதனால கடலைப் பாத்து நின்னா காத்து இடது பக்கத்துல இருந்து சாய்வா கரையை நோக்கி வரும். பழகுறதுக்கு இதைவிட நல்ல கோணம் கிடையாது, ஏதாவது தப்பாப் போனாலும் காத்து உங்களைக் கரையிலதான் கொண்டுவந்து சேர்க்கும். நேரா கரையை நோக்கி அடிக்கிற காத்துல அலையைத் தாண்டி வெளிய போறதே பெரும்பாடு. கரையில இருந்து கடலுக்குள்ள அடிக்கிற காத்துன்னா, ரெஸ்க்யூ போட் இல்லாம இறங்கவே இறங்காதீங்க. டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வாடைக் காத்து வீசுறப்போ கற்பிட்டி கடல் பக்கம் அப்படித்தான் இருக்கும், அந்த சீசன்ல களப்போட நிறுத்திக்கோங்க.

முதல் சில தடவைக்கு காத்து 15ல இருந்து 20 நாட், அலை முழங்கால்ல இருந்து இடுப்பு வரைக்கும், இதுக்கு மேல வேணாம். மொரிஷியஸ் லெ மோர்ன்ல இருக்கிற ஒன் ஐ, கேப் வெர்டியில இருக்கிற போன்டா ப்ரேட்டா வீடியோ எல்லாம் பாத்துட்டு மனசு துடிக்கும், ஆனா ஒண்ணு பவளப்பாறை மேல உடையிற அலை, இன்னொண்ணு பாறைக்கரை, அதெல்லாம் ரொம்பப் பின்னாடி.

சாமான்

கைட்: ட்வின் டிப்புக்கு எடுக்கிறதைவிட ஒரு சைஸ் சின்னது போதும், சர்ஃப்போர்டுக்கு மிதப்பு இருக்கிறதால கொஞ்சம் இழுத்தாலே கிளம்பிரும். 75 கிலோ ஆளு 18, 20 நாட்ல 9 சதுர மீட்டர் கைட் எடுக்கலாம். மூணு ஸ்ட்ரட் (கைட்டுல காத்தடிச்ச குறுக்குக் குழாய்) இருக்கிற, அலைக்குன்னே செஞ்ச கைட் நல்லது. லைன் தொய்ஞ்சு போனாலும் கீழ விழாம காத்தோட மிதந்துக்கிட்டே பின்னால வரணும், அந்தக் குணம்தான் இங்க முக்கியம், எவ்வளவு உயரம் ஜம்ப் பண்ணலாம்ங்கிறது எல்லாம் தேவையே இல்ல.

போர்டு: 5 அடி 6 இன்ச்ல இருந்து 6 அடி வரைக்கும், அடியில மூணு ஃபின் (துடுப்பு), கைட்டுக்குன்னு கெட்டியா செஞ்சது. அறுகம்குடாவுலயோ கோவளத்துலயோ வச்சு ஓட்டுற சாதா சர்ஃப்போர்டை எடுத்துட்டு வந்தா குதிகால் அழுத்துற இடத்துல குழி விழுந்துரும். மேல ரப்பர் பேட் ஒட்டியிருந்தா நல்லது, மெழுகுதான்னா வெப்பக் கடலுக்கான கெட்டி மெழுகு வாங்குங்க, மத்தது நம்ம வெயில்ல உருகி ஹார்னஸ் (கைட்டை மாட்டிக்க இடுப்புல கட்டுற பெல்ட்) வரைக்கும் அப்பிக்கும்.

போர்டுல கால் மாட்டிக்கிற ஸ்ட்ராப் வேணுமா வேணாமான்னு எல்லாரும் கேக்குறாங்க. என் கருத்து, வேணாம். விழுறப்போ கால் மாட்டாது, காலை எங்க வேணா நகர்த்தலாம், தப்பு பண்ணினா போர்டு உடனே கழண்டு போய் சொல்லிக்குடுக்கும். 2008ல அலைப் பிரிவுல உலக சாம்பியன் ஆன கேப் வெர்டிக்காரர் மிட்டு மோன்டெய்ரோ மாதிரி ஆளுங்கதான் ஸ்ட்ராப் இல்லாத ஸ்டைலைப் பிரபலப்படுத்தினாங்க, இன்னைக்கு அலையில அதுதான் சகஜம். ஹெல்மெட் போடுங்க, ஸ்டைல் போயிரும்னு யோசிக்காதீங்க.

படி 1: தட்டைத் தண்ணியில எந்திரிக்கிறது

காத்து போற பக்கம் பாத்தபடி, கைட்டை கடிகாரக் கணக்குல 12 மணி திசையில, அதாவது தலைக்கு நேர் மேல நிறுத்துங்க. போர்டை உங்களுக்கு முன்னாடி குறுக்க வச்சு, ஒரு கையால ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு, பின்னங்கால் ஃபின்னுக்கு மேல, முன்னங்கால் நடுவுக்குக் கொஞ்சம் முன்னாடி வைங்க. முட்டியை நெஞ்சுக்கிட்ட மடக்கி ரெண்டு குதிகாலாலயும் போர்டை லேசா அழுத்துங்க, தண்ணியோட அழுத்தத்துல போர்டு பாதத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும், அப்ப கையை எடுத்துரலாம். ட்வின் டிப் பழக்கத்துல கைட்டை வேகமா கீழ இறக்கினீங்கன்னா நீங்க மட்டும் பறந்துபோய் விழுவீங்க, போர்டு அங்கயே மிதந்துட்டு இருக்கும். மெதுவா ஒரு மணி, ரெண்டு மணி வரைக்கும் இறக்குங்க, போர்டு மூக்கு காத்து போற பக்கம் கொஞ்சம் திரும்பட்டும், குனிஞ்சபடியே எந்திரிங்க.

ஓட ஆரம்பிச்சதும் கைட்டை 45 டிகிரி பக்கமே வச்சுக்கோங்க. உசரத்துல வச்சா உங்களை மேல தூக்கும், பாதத்துல எடை குறையும், போர்டு நழுவிரும். முன்னங்கால்ல எடை வேணும், ட்வின் டிப்புல மாதிரி பின்னால சாஞ்சு உக்காந்தா போர்டு காத்துக்கு எதிரா திரும்பி நின்னுரும்.

படி 2: காலை மாத்துறது

இந்தப் போர்டுக்கு முன்னும் பின்னும் வேற வேற. திரும்பின பிறகு ஒண்ணு விரல் பக்கமா சாஞ்சு ஓட்டணும், இல்ல காலை மாத்தணும். ரெண்டும் தெரியணும். முதல்ல கைட்டை மெதுவா அந்தப் பக்கம் அனுப்பிட்டு, போர்டை வளைச்சுத் திருப்பி, விரல் பக்கம் சாஞ்சே கொஞ்ச தூரம் போங்க, பயம் போன பிறகு போர்டைத் தட்டையா வச்சு, பின்னங்காலை முன்னங்கால் பக்கத்துல கொண்டுவந்து, அடுத்த நொடியே பழைய முன்னங்காலைப் பின்னால வைங்க. காலைப் பாக்காதீங்க, போற திசையைப் பாருங்க. இது களப்புல பத்துக்கு ஏழு தடவை சரியா வர்ற வரைக்கும் கடல் பக்கம் போக வேணாம், அலைக்கு நடுவுல நின்னு இதைப் பழக முடியாது.

படி 3: நுரையைத் தாண்டி வெளிய போறது

கரையில நின்னு ஒரு பத்து நிமிஷம் சும்மா பாருங்க. பெரிய அலை மூணு நாலு சேர்ந்து வரும், அப்புறம் கொஞ்சம் அடங்கும், அந்த இடைவெளியில கிளம்பணும். படகு, வலைக் கயிறு எங்க கிடக்குன்னும் பாத்துக்கோங்க, 20 மீட்டர் லைன் அதுல சிக்கினா உங்களுக்கும் நஷ்டம் அவங்களுக்கும் நஷ்டம்.

கற்பிட்டியில வெளிய போறப்போ இடது கால் முன்னாடி. நுரை வரும்போது வேகத்தைக் குறைச்சு, போர்டு மூக்கை நுரைக்கு நேரா திருப்பி, முட்டியை மடக்கி, நுரை தொடுற நேரத்துல எடையைக் கொஞ்சம் பின்னால கொண்டு போங்க, மூக்கு மேல ஏறிரும், ஏறினதும் மறுபடி முன்னால. சைடு வாங்கி நின்னா நுரை போர்டை உருவிட்டுப் போயிரும்.

அலை உடையிற இடத்துல விழுந்துட்டா? இது ரொம்ப முக்கியம். போர்டை மறந்துருங்க, அது தானா கரை ஒதுங்கும். கைட்டைப் பாருங்க. நுரை உங்களைக் கரைப்பக்கம் தள்ளும், கைட்டும் அந்தப் பக்கமா இருந்தா லைன் தொய்ஞ்சு கைட் கீழ வந்துரும். அதனால கைட்டை கடல் பக்கமா, இங்க பத்து மணி திசைக்கு, நகர்த்தி வைங்க, லைன் இறுக்கமாவே இருக்கும். பார்ல தொங்காதீங்க, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நுரையை மேல போக விடுங்க. அப்படியும் கைட் தண்ணியில விழுந்துட்டா உடனே ஒரு தடவை கிளப்பிப் பாருங்க, முடியலையா, அடுத்த அலை அது மேல உடையப் போகுதா, குவிக் ரிலீஸைத் தள்ளி பவரை எடுத்துருங்க. லைனை கையில சுத்திக்காதீங்க, கைட்டுக்கும் லைனுக்கும் நடுவுல போயும் நிக்காதீங்க.

படி 4: அலையைப் பிடிக்கிறது

உடையிற இடத்தைத் தாண்டி வெளிய போய், காலை மாத்தி, வலது கால் முன்னாடி வச்சு கரையை நோக்கித் திரும்புங்க. இன்னும் உடையாத, மேடு மாதிரி எழும்பி வர்ற அலையா ஒண்ணைப் பாத்து, அதோட வேகத்துக்கே ஓடுங்க. அது தூக்குறது பாதத்துல தெரியும், பார்ல இழுப்பு குறையிறதும் அதே நேரத்துல தெரியும். அப்ப பாரை வெளிய தள்ளுங்க. முதல் சில நாள் இதோட போதும், எந்தத் திருப்பமும் வேணாம், அலை தள்ளுது, கைட் சும்மா மிதக்குது, இந்த உணர்வு வந்தாச்சுன்னா பாதி வேலை முடிஞ்சது.

படி 5: முதல் திருப்பம்

அலையோட அடிப்பக்கம் இறங்கிட்டு, போர்டைத் திருப்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே கைட்டை கரைப்பக்கத்துல இருந்து கடல் பக்கத்துக்குத் திருப்ப ஆரம்பிங்க. அப்புறம் முட்டியை நல்லா மடக்கி விரல் பக்கம் சாஞ்சு, இடது பக்கமா, காத்து போற திசையில வளைங்க. கண் அலையோட மேல் விளிம்புல இருக்கணும். மேல ஏறினதும் குதிகாலை அழுத்தி மறுபடி கீழ இறங்குங்க. கைட் லேட்டா திரும்பினா உங்களைக் கரைப்பக்கம் பிடுங்கிட்டுப் போகும், சீக்கிரம் திரும்பினா லைன் தொய்யும். அளவு பழகப் பழகத்தான் வரும்.

கூட்டம் இருந்தா ஒரு விதி: காத்து வர்ற பக்கம் இருக்கிறவர் கைட்டை உயர்த்தணும், காத்து போற பக்கம் இருக்கிறவர் தாழ்த்தணும். அலையில ஏற்கனவே ஒருத்தர் போயிட்டு இருந்தா அதுல குறுக்க புகாதீங்க.

கை தளர ஆரம்பிச்சாலே கரைக்கு வந்துருங்க, கடைசியா ஒண்ணுன்னு போற அலையிலதான் லைன் சிக்கும். கரையை நெருங்குறப்போ தலை உச்சியில கையால தட்டிக் காமிங்க, கைட்டை இறக்கணும்னு அர்த்தம், யாராவது வந்து பிடிப்பாங்க. பிடிச்சவர் கைட்டை கவுத்துப் போட்டு மேல மண்ணு வைக்கிற வரைக்கும் ஹார்னஸ்ல இருந்து பாரைக் கழட்டாதீங்க.