அரைநாள் கூலி போகாமல் சுகர், பிரஷர் பார்ப்பது எப்படி?

"அரசு ஆஸ்பத்திரியில இலவசமாத்தானே பார்க்கிறாங்க, போக வேண்டியதுதானே" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலத்துக்கு நிற்பவரும் கொருக்குப்பேட்டையில் இட்லிக் கடை போடும் அக்காவும் சோதனைக்குக் காசு கொடுப்பதில்லை, உண்மைதான். ஆனால் வரிசையில் நிற்கிற அரைநாள் வியாபாரத்தைக் கொடுக்கிறார்கள். செலவே அதுதான். அதை எப்படிக் குறைப்பது என்று முதலில் பாருங்கள்.

வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை என்று ரத்தம் கொடுத்தால் காலைப்பொழுது காலி. எச்பிஏ1சி (HbA1c) என்ற ரத்தச் சோதனைக்குப் பட்டினி வேண்டாம், சாயங்காலம் வேலை முடிந்து லேபுக்குப் போய் ஒரே குத்தில் முடித்துவிடலாம், கடந்த இரண்டு மூன்று மாதச் சுகர் சராசரியைச் சொல்லிவிடும். 5.7 சதவீதத்துக்குக் கீழே என்றால் நிம்மதி, 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 வந்தால் சுகர், இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். ரத்தசோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றும், அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சுகர் என்றது, எல்லைக்கோட்டில் 13.6 கோடிப் பேர். அந்த 13.6 கோடியில் ஒருவராக இருக்கும்போதே தெரிந்துகொண்டால் நடையிலும் சாப்பாட்டிலும் சமாளிக்க வழி உண்டு.

பிரஷருக்கு லேபே வேண்டாம். எங்கள் வரிசையில் நாலு வீடு சேர்ந்து ஒரு மெஷின் வாங்கி வைத்திருக்கிறோம். டீயோ பீடியோ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்து, கையை மேஜையில் வைத்து, பேசாமல் பாருங்கள். சில நாள் பார்த்தும் 140/90-ஐத் தாண்டியே நின்றால் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே பதிந்துகொண்டால் மாத்திரைக்குச் செலவில்லை; 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், விலாசத்தைச் சரியாகக் கொடுங்கள்.

தொண்ணூறு டெஸ்ட், பாதி விலை என்று விளம்பரம் வரும், ஏமாற வேண்டாம். பெரும்பாலான சோதனைகளில் 'நார்மல்' அளவு என்பது நல்ல ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேர் அடங்கும்படி வைத்த கோடு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது டெஸ்ட் எடுத்தால், ஒரு நோயும் இல்லாத ஆளுக்கே ஏதாவது ஒன்று கோட்டைத் தாண்ட நூற்றுக்கு 64 வாய்ப்பு. அப்புறம் அதைத் துரத்திக்கொண்டு ஸ்கேன், ஸ்பெஷலிஸ்ட் என்று அலைய வேண்டியதுதான். வருமான வரி கட்டுபவர் என்றால், பழைய வரி முறையில் இந்த மாதிரிப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை வருமானத்தில் கழிக்கலாம், ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் சரி; அதற்காகத் தேவையில்லாததை எடுக்காதீர்கள்.

எங்கள் பெரியம்மாவுக்குச் செருப்பு கடித்த புண். சுகரில் கால் மரத்துப்போயிருந்ததால் வலியே தெரியவில்லை, நாற்றம் வந்தபிறகுதான் பார்த்தோம். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஆபரேஷனைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அண்ணன் மூன்று வாரம் ஆட்டோ ஓட்டவில்லை, வண்டிக்கு டியூ மட்டும் நிற்காமல் ஓடியது, துணைக்கு இருந்தவர்களுக்கு டிபன், டீ, போக்குவரத்து. நகையை அடகு வைத்தது இதற்குத்தான். எந்த அட்டையிலும் அது வராது.

அதனால் சுகர் இருப்பவர்கள் தினமும் ராத்திரி ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், விரலிடுக்கையும் விடாதீர்கள். கண் சரியாகத் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். பெரியம்மாவுக்கு இப்போது பேரன்தான் பார்க்கிறான், தடவைக்கு இரண்டு ரூபாய் வாங்கிக்கொள்கிறான்.