பழைய காரில் கூலன்ட் குறைகிறதா? ஹெட் கேஸ்கெட் என்று முடிவு கட்டும் முன் செய்ய வேண்டியவை

என் காருக்கு 17 வயது. மூன்று வாரமாக ஒவ்வொரு ஞாயிறும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவில் கால் லிட்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன், தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. ஒரு மெக்கானிக் ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, குமிழி வருகிறது, ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்றார். ஹெட்டை இறக்கவில்லை. கடைசியில் பழுது இருந்தது ரேடியேட்டர் மூடியில். குமிழிக்குக் காரணம், நான் தேவையில்லாமல் தெர்மோஸ்டாட்டை (சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மாற்றியபோது உள்ளே சிக்கிய காற்று. எந்த வரிசையில் பார்த்திருந்தால் இத்தனை அலைச்சல் இருந்திருக்காது என்று யோசித்து, அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. துணி போட்டு மெதுவாகத் திறக்கலாம் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் திரவம் 100 டிகிரிக்கு மேல் இருந்தாலும் அழுத்தத்தில் இருப்பதால்தான் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்ததும் அழுத்தம் போய்விடும், அந்த நொடியே ஆவியாகி முகத்துக்கு வரும். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள், தளர்வாகவும் ஆறியும் இருந்தால் மட்டும் திறக்கலாம். நான் இரவு நிறுத்திவிட்டு காலையில்தான் திறப்பேன். கீழே சொல்லியிருக்கும் பாதி வேலைகளுக்கு ஆறிய எஞ்சின்தான் வேண்டும், அதனால் காத்திருப்பதில் நஷ்டமில்லை.

படி 1: எவ்வளவு குறைகிறது?

டப்பாவில் இருக்கும் கோட்டை நம்பாமல், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் ஒரு டேப் துண்டு ஒட்டுங்கள். ஒரு வாரம் தினமும் அதே நேரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது மட்டம் ஏறும், ஆறினால் இறங்கும், அதனால் வெவ்வேறு நேரத்தில் பார்த்தால் ஒன்றும் புரியாது. டப்பாவோடு ரேடியேட்டரையும் திறந்து பாருங்கள். டப்பா நிறைந்திருக்க ரேடியேட்டர் காலியாக இருக்கலாம். எனக்கு அதுதான் நடந்தது, இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன்.

படி 2: எப்போது சூடாகிறது?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நெரிசலில் நிற்கும்போது சூடேறி, வேகமாக ஓட்டும்போது சரியாகிவிட்டால் ஃபேனைப் பாருங்கள். ஃப்யூஸ், ரிலே, மோட்டார், இந்த வரிசையில். ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும், பெரும்பாலான கார்களில் அதுவே எளிய சோதனை. நெரிசலில் ஒன்றும் இல்லாமல் நெடுஞ்சாலையில் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டு ஒட்டிப்போகலாம், வாட்டர் பம்பின் இறக்கைகள் தேய்ந்திருக்கலாம். கிளப்பிய சில நிமிடங்களிலேயே முள் விறுவிறுவென்று ஏறி, மேல் ஹோஸ் கொதிக்கும்போது கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கிறது என்று நினைக்கலாம். முள் மேலேயே வராமல் வண்டி சூடாக நெடுநேரம் எடுத்து, பெட்ரோலும் அதிகம் குடித்தால், அது திறந்தபடி சிக்கியிருக்கிறது.

டாஷ்போர்டு முள்ளை அதிகம் நம்பாதீர்கள். பல கார்களில் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் வைத்திருக்கிறார்கள். அது அசைய ஆரம்பிக்கும்போது நேரம் கடந்திருக்கும்.

அதனால் ஒரு ஸ்கேனர் வாங்குங்கள். அதைச் செருகும் ஓபிடி-2 இணைப்பு, அதாவது காரின் கணினி சொல்வதைப் படிக்க உதவும் சாக்கெட், அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயம், உங்கள் வண்டியிலும் இருக்க வாய்ப்பு அதிகம். பிழை எண்ணை மட்டும் காட்டுவதை வாங்காதீர்கள், ஓடும்போதே கூலன்ட் வெப்பநிலையை எண்ணாகக் காட்டுவது வேண்டும். ஈஎல்எம்327 வகை ப்ளூடூத் அடாப்டரும் ஒரு போனும் போதும். காலையில் சாவியை மட்டும் போட்டு, கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். பி0117, பி0118 என்ற எண்கள் வந்தால் அது கூலன்ட் சென்சாரின் சுற்று. பி0128 வந்தால் எஞ்சின் போதிய சூட்டுக்கு வரவில்லை என்று பொருள், பெரும்பாலும் தெர்மோஸ்டாட், சில சமயம் கூலன்ட் குறைவு.

படி 3: வெளியே கசிவு

கசியும் கூலன்ட் எல்லாம் தரைக்கு வருவதில்லை. சூடான உலோகத்தில் பட்டு ஆவியாகி, வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த தடம் மட்டும் இருக்கும். ஹோஸ் கிளாம்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளை, இவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். பம்பின் அந்தத் துளையில் தடம் இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது, பம்பை மாற்ற வேண்டும்.

காருக்குள்ளும் பாருங்கள். முன் கண்ணாடியில் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம் போல மூட்டம் படிந்தால், இனிப்பு வாசனை வந்தால், பயணி பக்கக் கால்மிதி ஈரமாக இருந்தால், ஹீட்டர் கோர் (காருக்குள் சூடான காற்று தர டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்) கசிகிறது.

கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் பிரஷர் டெஸ்டர். மூடி இருக்கும் இடத்தில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை பம்ப் செய்துவிட்டு 15 நிமிடம் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. மூடியில் போட்டிருப்பதற்கு மேல் ஒருபோதும் ஏற்றாதீர்கள், பழைய ரேடியேட்டர் தாங்காது. கசிவைக் காட்டும் சாய மருந்து, அதைப் பார்க்கும் புற ஊதா விளக்கு எல்லாவற்றையும்விட எனக்கு இந்தக் கருவிதான் பிடிக்கும், ஏனென்றால் எஞ்சினை ஓட்டாமல், ஆறிய நிலையில், கையை எங்கே வேண்டுமானாலும் விட்டுப் பார்க்கலாம்.

படி 4: மூடி

இதை நான் கடைசியில் பார்த்தேன். நீங்கள் இதையும் படி 1-உடனேயே பார்த்துவிடுங்கள்.

மூடி என்றால் வெறும் மூடியில்லை, அதற்குள் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. ஒன்று ஸ்பிரிங் வைத்தது, உள்ளழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் திறந்து கூலன்டை டப்பாவுக்கு அனுப்பும். பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார் என்று மேலேயே போட்டிருக்கும், அதாவது 13 முதல் 16 பிஎஸ்ஐ. நடுவில் இருக்கும் குட்டி வால்வு எஞ்சின் ஆறும்போது திறந்து அதே கூலன்டைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சரியான மூடியோடு ஏறக்குறைய 129 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், அழுத்தமே இல்லையென்றால் 107 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். நெரிசலில் நிற்கும் எஞ்சின் அந்தச் சூட்டை எளிதாகத் தொட்டுவிடும்.

என் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். கீழ் ரப்பர் வளையத்தில் ரேடியேட்டர் கழுத்தின் விளிம்பு ஆழமாகப் பதிந்து ஒரு பள்ளமே விழுந்திருந்தது. ஓரிடத்தில் நகத்தால் கீறினால் வெடிப்பு வாய் திறந்தது. நடு வால்வை நகத்தால் இழுத்தேன், வரவில்லை, காய்ந்த கூலன்ட் பசை போல ஒட்டியிருந்தது. போன கூலன்ட் திரும்பி வராததற்கு அதுதான் காரணம். காலையில் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிப்போய் இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஹோஸ் பழசு என்று விட்டுவிட்டேன். உங்கள் வண்டியில் ஆறிய பிறகு ஹோஸ் சப்பையாக இருந்தால் முதலில் மூடியை மாற்றுங்கள். அதே அழுத்த அளவுள்ள மூடியாக இருக்கட்டும்.

படி 5: தெர்மோஸ்டாட்

கழற்றிவிட்டால் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள், அடியில் படக் கூடாது. உடலில் பொறித்திருக்கும் வெப்பநிலையை, பெரும்பாலும் 82 முதல் 92-க்குள் இருக்கும், ஒட்டித் திறக்க வேண்டும். மாட்டும்போது அதன் விளிம்பில் தளர்வாக ஆடும் சிறு வால்வு இருந்தால், உங்கள் வண்டியின் கையேடு வேறு மாதிரி சொல்லாதவரை, அது மேல்பக்கம் வரட்டும். காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும்.

படி 6: காற்றை வெளியேற்றுவது

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டு, ரேடியேட்டர் கழுத்து வரை ஊற்றி, மூடி, ஓட்டிப் போனேன். முள் ஏறியது, திடீரென்று இறங்கியது, மறுபடி ஏறியது. ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று. உள்ளே காற்று சிக்கினால் இப்படித்தான் நடக்கும். சென்சார் நுனி திரவத்தில் இல்லாமல் காற்றுக் குழியில் நின்றால் அது சொல்லும் எண்ணுக்கும் எஞ்சினின் உண்மையான சூட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. இந்த நிலையில் மூடியைத் திறந்து ஐடிலிங்கில் பார்த்தால் குமிழி வரத்தான் செய்யும். அந்தக் குமிழியைப் பார்த்துத்தான் ஹெட் கேஸ்கெட் என்றார்கள்.

மறுநாள் காலை தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் ஒரு சிறு பித்தளைத் திருகாணியைக் கண்டேன். எஞ்சின் ஆறியிருந்தது. அரைச் சுற்றுத் திருப்பியதும் உஸ்ஸென்று காற்று, பிறகு நுரை நுரையாகத் துப்பியது, ரேடியேட்டரில் மட்டம் என் கண் முன்னே இறங்கியது. ஊற்றிக்கொண்டே இருந்தேன். நுரை நின்று மெல்லிய கோடாகக் கூலன்ட் மட்டும் வந்ததும் மூடினேன். முக்கால் லிட்டர் உள்ளே போயிருந்தது. அத்தனை இடமும் வெறும் காற்று!

முறை இது. வண்டியின் முன்பக்கம் மேடான இடத்தில் நிற்கட்டும், அப்போது ரேடியேட்டர் கழுத்து உயரத்துக்கு வரும். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். ஆறிய எஞ்சினில் காற்றுத் திருகாணி இருந்தால் திறந்து, மெதுவாக ஊற்றி, குமிழி நின்றதும் மூடுங்கள். பலமாக இறுக்க வேண்டாம், பழைய பிளாஸ்டிக் திருகாணி உடைந்துவிடும். பிறகு கழுத்தில் இறுக்கமாக உட்காரும் கசியாத புனலை மாட்டி அதில் பாதிவரை கூலன்ட் ஊற்றி எஞ்சினை ஓட விடுங்கள். என்னிடம் இருக்கும் கருவிகளில் எதையாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இந்தப் புனலைத்தான் வைத்துக்கொள்வேன். ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை காத்திருங்கள், முதல் முறையோடு நிறுத்திவிடாதீர்கள். ஹீட்டரில் சூடான காற்று வர வேண்டும். எஞ்சினை அணைத்து, முழுதாக ஆறிய பிறகு புனலை எடுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் காலையில் மட்டம் பாருங்கள், கொஞ்சம் இறங்கும், அது இயல்பு.

படி 7: ஹெட் கேஸ்கெட்தானா?

மேலே எல்லாம் சரியாக இருந்தும் கூலன்ட் குறைந்தால் இப்போது சந்தேகப்படலாம். கருவியே இல்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் மூடியைத் திறந்து மூடுங்கள், அழுத்தம் பூஜ்யமாகிவிடும். எஞ்சினைக் கிளப்பி மேல் ஹோஸைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஃபேனிலிருந்து கை தள்ளியிருக்கட்டும். ஹோஸ் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே ஓரிரு நிமிடத்தில் கல் போல இறுகினால், அந்த அழுத்தம் சூட்டால் வந்ததாக இருக்க முடியாது, சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுகிறது.

உறுதி செய்ய நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டர் கழுத்தில் குழாயை வைத்து உள்ளே இருக்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக உறிஞ்சினால், கார்பன் டை ஆக்சைடு இருக்கும்போது நீலம் மஞ்சளாகும். முன்பே கூலன்ட் மட்டத்தைச் சற்று இறக்கிவிடுங்கள், திரவத்துக்குள் கூலன்ட் புகுந்தால் முடிவு கெட்டுவிடும். என் வண்டியில் நீலம் நீலமாகவே இருந்தது, அதற்குப் பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் போன்ற பசை இருந்தால் உடனே பயப்பட வேண்டாம், குளிரில் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரப்பதத்தாலும் அப்படி வரும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலேயே எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால்தான் கவலை, அப்படி இருந்தால் வண்டியைக் கிளப்பாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வையுங்கள். மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல இருந்தால், அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறது.

பின்சேர்க்கை 1: தன் காரில் ரேடியேட்டர் மேல் மூடியே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியென்றால் டப்பாதான் அழுத்தத்தில் இருக்கிறது, அதன் மூடிதான் படி 4-இல் சொன்ன மூடி. எச்சரிக்கையும் அதற்குப் பொருந்தும், டப்பா பிளாஸ்டிக்தானே என்று சூட்டில் திறந்துவிடாதீர்கள்.

பின்சேர்க்கை 2: தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். எஞ்சின் சூடாகவே ஆகாது, கணினி இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்து எரிபொருளை அதிகமாக விடும், அது எண்ணெயில் கலந்து தேய்மானத்தைக் கூட்டும். கசிவை அடைக்கும் பொடியும் அப்படித்தான், கசிவோடு சேர்த்து ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

பின்சேர்க்கை 3: நிறம் பார்த்துக் கூலன்ட் வாங்கலாமா என்ற கேள்விக்கு: கூடாது. நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை, கையேட்டில் சொல்லியிருக்கும் வகையைப் பாருங்கள், கலக்கக் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, வடித்த பழைய கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விடாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் செயலிழந்து செத்துவிடும். மூடியுள்ள கேனில் ஊற்றி, தரையில் சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத்தான் பானெட்டை மூடுங்கள்.