வெப் சர்வர் மெமரி தீர்ந்து விழுவதற்கு நாமே வழிவிடும் தவறுகள்

சர்வர் பராமரிப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவ்வப்போது சொல்லிக்கொடுக்கிறேன். நான் ஆரம்பத்தில் செய்த அதே பிழைகளை அவர்களும் அப்படியே செய்வதைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். பாஸ்வேர்டு, ஃபயர்வால் எல்லாம் தெரிந்த கதை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

லாக் சொல்கிறதே என்று வொர்க்கரைக் கூட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளில் நெரிசல் வந்தால், மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸ் (ஒரே நேரத்தில் எத்தனை வொர்க்கர்கள் வேலை செய்யலாம் என்ற எண்ணிக்கை) வரம்பை எட்டிவிட்டோம், அதைக் கூட்டுவது பற்றி யோசியுங்கள் என்று எர்ரர் லாகில் ஒரு வரி விழும். நான் யோசிக்கவில்லை, கூட்டினேன். 8 ஜிபி மெமரி உள்ள சர்வரில் 400 வைத்தேன். பிரீஃபோர்க் முறை என்பதால் ஒரு இணைப்புக்கு ஒரு பிராசஸ், அதுதான் ஒரு வொர்க்கர். ஒவ்வொன்றும் சுமார் 40 எம்பி. மொத்தமும் நிரம்பினால் 16 ஜிபி வேண்டும். இந்தப் பெருக்கலை நான் போட்டே பார்க்கவில்லை.

சாதாரண நாட்களில் ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் யாரோ நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறந்து, ரிக்வெஸ்ட்டின் முன்பகுதியான ஹெட்டரைத் துளித்துளியாக அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 2009-இல் வெளியான ஸ்லோலோரிஸ் பாணித் தாக்குதல். வரம்பு குறைவாக இருந்திருந்தால் தளம் மட்டும் திணறியிருக்கும். 400 வைத்ததால் மெமரியே தீர்ந்தது. அப்போது, மெமரி தீர்ந்தால் ஏதாவது பிராசஸை நிறுத்தி இடம் விடுவிக்கும் லினக்ஸ் கர்னலின் ஓஓஎம் கில்லர் பொதுவாக அதிக மெமரி வைத்திருக்கும் பிராசஸைத்தான் கொல்லும். செத்தது டேட்டாபேஸ். இரண்டு நாள் டேட்டாபேஸிலேயே குற்றத்தைத் தேடினேன். கர்னல் லாகைத் திறந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

கணக்கு இப்படிப் போடுங்கள்: டேட்டாபேஸுக்கு 3 ஜிபி, சிஸ்டத்துக்கு 1 ஜிபி போனால் மிச்சம் 4 ஜிபி. 40 எம்பியால் வகுத்தால் ஏறக்குறைய 100. அந்த 40-ஐயும் சும்மா இருக்கும்போது அளக்காதீர்கள், நல்ல சுமை இருக்கும்போது அளங்கள். மெதுவாக அனுப்புகிறவர்களை வெட்டிவிட ரிக்டைம்அவுட் மாட்யூல் இருக்கிறது, அது ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

ஸ்வாப்பைக் கூட்டிச் சமாளிப்பது

வேண்டாம். மெமரிக்குப் பதில் டிஸ்க்கைப் பயன்படுத்துவதுதான் ஸ்வாப். எல்லாமே மெதுவாகி, உள்ளே நுழைந்து சரிசெய்யக்கூட முடியாமல் போகும்.

சின்ன ரிக்வெஸ்ட்தானே என்று நினைப்பது

2011 ஆகஸ்டில் பரவிய ‘அப்பாச்சி கில்லர்’ என்ற தாக்குதல் ஸ்கிரிப்ட் அனுப்பியது சில கிலோபைட் ரிக்வெஸ்ட்தான். ஃபைலின் எந்தப் பகுதி வேண்டும் என்று சொல்லும் ரேஞ்ச் ஹெட்டரில் ஒன்றன்மேல் ஒன்று விழும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளைக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் சர்வர் தனித்தனியாக மெமரி ஒதுக்கியது. 2.2.20 பதிப்பில் அதற்குத் திருத்தம் வந்தது.

சுருக்கி வரும் டேட்டாவை அளக்காமல் விரிப்பது

ஜிஜிப் முறையில் சுருக்கிய டேட்டா ஆயிரம் மடங்கு வரை விரியலாம். விரித்த பிறகான அளவுக்கும் வரம்பு வையுங்கள்.

வரம்பு வைத்தாயிற்று, அப்டேட் அப்புறம் என்பது

2024 ஏப்ரலில் வெளியான எச்டிடிபி/2 கன்டினியுவேஷன் (ஹெட்டரைத் துண்டுகளாகத் தொடர்ந்து அனுப்பும் வசதி) குறை இதற்குச் சரியான உதாரணம். அப்பாச்சியில் ஹெட்டருக்கு வரம்பு இருந்தது. ஆனால் வரம்பு மீறியதைப் பதிலில் முறையாகத் தெரிவிப்பதற்காக, மேற்கொண்டு வரும் ஹெட்டர்களையும் மெமரியில் சேர்த்துக்கொண்டே போனது. அனுப்புகிறவர் நிறுத்தாவிட்டால் மெமரி தீர்ந்துவிடும். 2.4.59 பதிப்பில்தான் சரியானது. பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். பல லினக்ஸ் விநியோகங்கள் பழைய எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்த்துத் தருகின்றன. பேக்கேஜின் மாற்றக் குறிப்பைத் திறந்து பாருங்கள்.