ஆன்கால் வாரமும் ஓவர்டைமும்

டல்லாஸில் எனக்கு மாதம் ஒரு வாரம் ஆன்கால். அதிகாலை 3 மணிக்கு சர்வர் படுத்தாலும் எழுந்தாக வேண்டும், தனிக்காசு கிடையாது. ஏனென்றால் நான் 'எக்ஸெம்ப்ட்', அதாவது ஓவர்டைம் விதியிலிருந்து விலக்கப்பட்ட ஊழியர்.

ஆஃபர் லெட்டரில் அந்தச் சொல் இருந்தால் மட்டும் போதாது. 1938ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாக வாரச் சம்பளம் 684 டாலராவது வேண்டும். செய்யும் வேலையும் பொருந்த வேண்டும். மென்பொருள் எழுதுபவருக்கு 'எக்ஸெம்ப்ட்' சரி. பாஸ்வேர்டு மாற்றித்தரும் ஹெல்ப்டெஸ்க் ஆளுக்கு, பதவிப் பெயர் எதுவானாலும், 40 மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலும் ஒன்றரை மடங்கு சேர வேண்டும்.

சந்தேகமா? அழைப்பு வந்த நேரம், முடிந்த நேரம் இரண்டையும் எழுதி வையுங்கள். (என் கணக்கு சமையலறைக் காலண்டரில்!) பழைய பாக்கியைக் கேட்கக் கெடு 2 வருடம்; தெரிந்தே ஏய்த்திருந்தால் 3.

எக்ஸெம்ப்ட்டா? அப்போதும், மறுநாள் தாமதமாக வந்தீர்கள் என்று சம்பளத்தில் அரைநாள் பிடிக்க முடியாது.