எல்.எல்.ஆர். வாங்கியாச்சு, அடுத்து? கண்மாயிலிருந்து பாம்பன் பாலம் வரை கார் பழகும் முறை

"ராம்நாட்டுல கார் பழகுறதுக்கு என்ன கஷ்டம்? மேடு இல்ல, வளைவு இல்ல, ரோடு அடிக்கோல் வச்சுப் போட்ட மாதிரி கெடக்கு." நான் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்தபோது வீட்டில் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. நேர் ரோட்டில் நாலாவது கியர் மட்டும்தான் பழகும். கார் ஓட்டுவதில் முக்கால்வாசி இடது காலின் வேலை, அதாவது கிளட்ச். அந்தக் காலுக்கு நம் ஊரில் வேலையே வராது, நாமாகத் தேடிக் கொடுக்க வேண்டும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தாய்மாமா. மீன் ஏற்றும் வண்டி ஓட்டியவர், பேச்சு குறைவு. அவரிடம் கற்றதையும் நானாக இடித்துக் கற்றதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

தாள் வேலை

இதைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். காருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழிந்த பிறகுதான் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்தை முன்னாலும் பின்னாலும் ஒட்டுங்கள். பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். "தனியா ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்" என்ற பேச்சே கிடையாது. 18 ஆகாத தம்பிக்குச் சாவி கொடுக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை: பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் வண்டியின் சொந்தக்காரருக்கும் பெற்றோருக்கும்தான்.

முதல் வாரம்: கண்மாய்க்குள்

பங்குனி, சித்திரையில் வற்றிய கண்மாயைவிட நல்ல மைதானம் இந்த மாவட்டத்தில் இல்லை. பையன்கள் கிரிக்கெட் ஆடாத நேரமாக, காலை ஆறு மணிக்குப் போய்விடுங்கள். மண் நன்றாக இறுகிக் காய்ந்திருக்கிறதா என்று முதலில் நடந்து பாருங்கள். கூடவே கருவேல முள்ளையும் பாருங்கள். நான் பார்க்கவில்லை. முதல் நாளே டயர் பஞ்சர், அதனால் கிளட்சுக்கு முன்னால் ஸ்டெப்னி மாற்றத்தான் கற்றுக்கொண்டேன். (ஜாக்கி ஏற்றும் முன்பே நட்டைத் தளர்த்த வேண்டும். ஏற்றிய பிறகு திருகினால் நட்டுக்குப் பதில் சக்கரம் சுற்றும்.)

இப்போது பாடம். முதல் மூன்று நாள் ஆக்சிலேட்டரில் கால் வைக்காதீர்கள். கிளட்சை முழுக்க மிதித்து, முதல் கியர் போட்டு, குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கிளட்சை நூல் நூலாக விடுங்கள். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கனக்கும், பானெட் லேசாக நிமிரும். கிளட்ச் பிடிக்கிற இடம் அதுதான். அங்கேயே காலை நிறுத்தினால், சமதரையில் வண்டி தானாக நகரத் தொடங்கும். இரண்டு மீட்டர் நகர்ந்ததும் கிளட்ச், பிரேக், நிறுத்துங்கள். மறுபடியும் முதலிலிருந்து.

"வண்டிய ஓட்டாத, நகத்து. ஓட்டுறத அப்புறம் பாத்துக்குவோம்" என்பார் மாமா. ஒரு காலையில் இதை ஐம்பது தடவை செய்ய வைத்தார். எரிச்சலாக இருந்தது. நாலாம் நாள் வண்டி ஆஃப் ஆகாமல் கிளம்பியபோதுதான் எதற்கென்று புரிந்தது.

இதே வேகத்தில் ரிவர்ஸும் பழகுங்கள். இரண்டு தென்னை மட்டையை நட்டு, அவற்றுக்கு நடுவே பின்னால் போய் நிறுத்துங்கள். கண்ணாடியை மட்டும் நம்ப வேண்டாம், கழுத்தைத் திருப்பிப் பாருங்கள்.

இரண்டாம் வாரம்: கரை ஏற்றம்

மேடே இல்லாத ஊரில் மேட்டில் நிறுத்தி எடுப்பதை எங்கே பழகுவது? கண்மாய்க் கரைக்கு ஏறும் வண்டிப்பாதையில். கரைமேல் போக வேண்டாம், ஏற்றம் மட்டும் போதும். பின்னால் ஆளோ ஆடோ இல்லையென்று பார்த்துவிட்டு, பாதி ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். முதல் கியர். கிளட்சைப் பிடிக்கிற இடம் வரை விடுங்கள், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுங்கள். பானெட் நிமிர்ந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி பின்னால் சரிந்தால் பதற வேண்டாம், உடனே பிரேக். வரிசையை மாற்றி, ஹேண்ட் பிரேக்கை முதலில் இறக்குவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு.

இந்த ஒன்று கைவராமல் பாம்பன் பக்கம் போகாதீர்கள். காரணம் கடைசியில்.

மூன்றாம் வாரம்: ரோடு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் பக்கமோ, கீழக்கரை தாண்டி ஏர்வாடி பக்கமோ போனால் ரோடு காலியாக நீண்டு கிடக்கும். கால் தானாக அழுத்தும். 80-இல் போகும்போது வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் தாண்டுகிறது. "ஆடு!" என்று மனசு சொல்லி, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 22 மீட்டர் முடிந்துவிடும். பழகும் காலத்தில் 40, 50 போதும்.

ஓர் ஆடு குறுக்கே போய்விட்டால் ரோடு காலி என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கம் கருவேலப் புதருக்குள் மீதி மந்தை நிற்கும், முதல் ஆட்டின் பின்னாலேயே ஓடிவரும். ஹாரன் அடித்தால் சிதறும், வேகத்தைக் குறைத்துக் காத்திருங்கள். மீன் வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டும் போகக் கூடாது. அதிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் ரோட்டை வழுக்க வைக்கும், கண்ணாடியிலும் தெறிக்கும்.

கண்ணாடி என்றதும் நினைவுக்கு வருகிறது. கடற்காற்றில் முன் கண்ணாடி மேல் உப்பு மெல்லிய படலமாகப் படியும். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. காலையில் ராமேஸ்வரம் நோக்கிக் கிழக்கே போகும்போது சூரியன் முகத்துக்கு நேராக வரும், அந்த நிமிஷம் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியது போல் வெளுத்துவிடும். கிளம்பும் முன் நல்ல தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். வறண்ட கண்ணாடியில் வைப்பரைப் போட்டால் மணல் கீறிவிடும்.

மணல்

தனுஷ்கோடி தாண்டி, தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை போக ஆசை வரும். 2017-இல் தார்ரோடு திறந்த பிறகு கார் கடைசி வரை போகிறது. ஆனால் காற்று மணலை ரோட்டின் மேல் ஏற்றி வைத்திருக்கும். அதன் மேல் போகும்போது சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். நிறுத்த வேண்டுமானால் தாரிலிருந்து இறங்க வேண்டாம்.

இறங்கிப் புதைந்துவிட்டதா? ஆக்சிலேட்டரை விடுங்கள். மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்கே குழி தோண்டும். ஸ்டியரிங்கை நேராக்கி, சக்கரத்தின் முன்னும் பின்னும் கையால் மணலைத் தள்ளி, கால்மிதியையோ பனை மட்டையையோ கொடுத்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் டயரில் கொஞ்சம் காற்றை இறக்குங்கள். வெளியே வந்ததும், திரும்பக் காற்றுப் பிடிக்கும் வரை மெதுவாகத்தான் போக வேண்டும்.

கடைசியில் பாலம்

பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறந்தது, நீளம் இரண்டே கால் கிலோமீட்டருக்குச் சற்று மேல். கப்பல் போக வழிவிட்டு நடுவில் உயர்ந்திருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) பக்கவாட்டில் தள்ளும். எதிரே பஸ் வரும்போது அது ஒரு கணம் காற்றை மறைக்கும், கடந்ததும் மறுபடி அறையும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும்.

நான் முதல் தடவை ஏறியபோது முன்னால் போன வேன் திடீரென்று நின்றது. ரயில் பாலத்தைப் பார்க்கக் குடும்பமே கதவைத் திறந்து இறங்கியது. நான் பாதி ஏற்றத்தில். பின்னால் பஸ்ஸின் ஹாரன். மாமா ஒன்றும் சொல்லவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹேண்ட் பிரேக், முதல் கியர், கிளட்ச், பானெட் நிமிர்ந்தது, எடுத்தேன்.

பாம்பனில் இறங்கியதும், "இடது பக்கம் ஓரங்கட்டு, டீ குடிப்போம்" என்றார். இண்டிகேட்டர் போட்டு, ஓரம்கட்டி, நியூட்ரல், ஹேண்ட் பிரேக். அப்புறம்தான் சாவியைத் திருப்பினேன்.