கையால் அச்சிட்ட புகைப்படங்களுக்கு மதிப்பெண் போடுவது எப்படி

முதல் சுற்றில் பெயரையோ விளக்கக் குறிப்பையோ பார்க்காதீர்கள். சட்டகமில்லாத அச்சை 5000 கெல்வின் (பகலொளி போன்ற) வெளிச்சத்தில் வைத்து, பிறகு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால் தாளில் ரசாயனக் கலவையைப் பூசிய தூரிகைத் தடமும் கீறலும் தெரிந்துவிடும்.

சயனோடைப்பில் (நீல நிறப் படம் தரும் அச்சுமுறை) வெள்ளைப் பகுதியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மஞ்சள் படிந்திருந்தால் அலசியது போதவில்லை. கம் பைக்ரோமேட்டில் (பிசினில் நிறமி கலந்து பூசும் அச்சுமுறை) நிறம் அடுக்கடுக்காக ஏறும். ஓரங்கள் இரட்டையாகத் தெரிந்தால் அடுக்குகள் விலகியிருக்கின்றன. பெரும்பாலும் தாளை முன்கூட்டியே வெந்நீரில் ஊறவைத்துச் சுருக்காததுதான் காரணம். விளிம்பில் தெரியும் தூரிகைத் தடம் குறையல்ல. முகத்தின் குறுக்கே ஓடினால் குறை.

படத்துக்கு 60, நுட்பத்துக்கு 40 என்பதே நியாயமான பிரிப்பு. செய்முறை கடினம் என்பதற்காக மட்டும் சாதாரணப் படத்தை மேலே தூக்காதீர்கள். நடுவர்கள் பேசுவதற்கு முன்பே மதிப்பெண்ணை எழுதிவிட வேண்டும். நடுவர்களுக்கிடையே 15 மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால், அந்த அச்சை மறுபடி மேசைக்கு எடுங்கள்.