காலையில் ஸ்டார்ட் ஆகாத டீசல் பிக்கப்: என் அனுபவம்

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் எங்கள் பழைய பிக்கப், ராத்திரி நின்றால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. டீசல் ஃபில்டர் மேலுள்ள கை பம்ப்பை இறுகும்வரை அமுக்கினால் உடனே பிடித்துக்கொள்ளும். அப்படியென்றால் கோளாறு பேட்டரியில் இல்லை, டீசல் வரும் லைனில் காற்று புகுந்திருக்கிறது. இந்தக் கோளாறு பெரும்பாலும் வெளியே சொட்டாது. டேங்கிலிருந்து டீசல் உறிஞ்சப்படுவதால், வண்டி ஓடும்போது லைனில் உள்ள வெடிப்பு வழியே காற்றுதான் உள்ளே போகும்.

ஃபில்டருக்கு முன்னால் உள்ளே ஓடுவது தெரிகிற டியூபைக் கொஞ்ச நேரத்துக்கு மாட்டினேன். குமிழ்கள் வரிசையாக ஓடின! டேங்க் பக்க ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. டீசலுக்கான புது ஹோஸ், புது கிளிப், ஃபில்டர் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் போட்டேன். அப்புறம் லைனிலுள்ள காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, குமிழில்லாமல் டீசல் வரும்வரை பம்ப் அடித்து இறுக்கினேன். இப்போது சாவி திருப்பியதும் ஓடுகிறது. பழைய வாஷரை மட்டும் திரும்பப் போடாதீர்கள். நசுங்கியது சரியாக அடைக்காது.